நோட்டில் ஏறாத மாத்திரை

ஆகஸ்ட் 7, புதன்

டாக்டரம்மா நோட்டுப் போடச் சொல்லியிருக்கிறார். பூனை என்ன தின்றது, எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனது, வாந்தி எடுத்ததா, உடம்பு சுடுகிறதா, எல்லாம் தேதி போட்டு இருக்க வேண்டுமாம்.

"எனக்கு எழுத்து தெரியாதும்மா. வாயால கேட்டீங்கன்னா மணி முதக்கொண்டு சொல்லுவேன்" என்றேன்.

"நீங்க சொல்லுவீங்க ஐயா. எனக்கு ஞாபகம் இருக்காதே. யாரையாவது விட்டு எழுதி எடுத்துட்டு வாங்க."

எழுதுகிறது கோயில்பிள்ளை. துறைமுகத்தில் நான் மூட்டை சுமந்த முப்பத்தொரு வருஷமும் கப்பலடியில் பென்சிலும் அட்டையுமாக நின்று எண்ணிக்கை எழுதினவர். இப்போது என் வீட்டுக்கு மேலே மாடியில் குடியிருக்கிறார். நான் சொல்கிறதை அப்படியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது என்று பேச்சு.

"அப்படியே எழுதினா டாக்டரம்மா சிரிப்பாங்க வே."

"சிரிக்கட்டும். எழுபத்தாறுல கோதுமைக் கப்பல்ல நாலாயிரத்து எண்ணூத்துப் பன்னிரண்டு மூட்டை இறக்கினோம். நீரு பத்துன்னு எழுதினீரு. ரெண்டு மூட்டை எங்க வே?"

"செத்தாலும் அதை விட மாட்டீரு."

விஷயத்துக்கு வருகிறேன். பூனை வந்து ஒன்பது நாள் ஆகிறது. மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் பாக்டரியில் கிடந்தது. பொட்டை. சாம்பல் நிறம், நெஞ்சு மட்டும் வெள்ளை, இடது காதில் ஒரு கடி வாங்கின பள்ளம். திருப்பூரில் இருக்கிற என் மகள் அமலி, "ஒத்தையில சுவத்தைப் பாத்துட்டு இருக்காதீங்கப்பா, ஒரு பூனையாவது வளருங்க" என்று போனுக்குப் போன் சொன்னதால் மீன் கூடையில் போட்டுக் கொண்டு வந்தேன். ஒரு வாரம் நன்றாக இருந்தது. மாதா கோயில் திருவிழா முடிந்த மறுநாளிலிருந்து தும்மல். கண்ணில் பீளை. இன்று காலை சாளை மீனை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. டாக்டரம்மா ஊசி போட்டார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு மருந்து, காலை ஒரு சொட்டு மாலை ஒரு சொட்டு.

ஒண்ணுக்கு இரண்டு தடவை. வாந்தி இல்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

மீன் வேகவைத்த தண்ணீர் நாலு ஸ்பூன். ஒண்ணுக்கு இரண்டு. தும்மல் எண்ண முடியவில்லை.

கோயில்பிள்ளைக்கு டீ போட்டுக் கொடுத்தேன். "இதைக் குடிக்கதுக்குக் கசாயம் குடிக்கலாம். உம்ம வீட்ல சீனியே கிடையாதா?" என்றார். நான் அஞ்சு மாதமாக சீனி போடுகிறதில்லை. பிடிக்கவில்லை. இது பூனை நோட்டு, டீக்கதை எதற்கு என்றேன். எழுதிவிட்டார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆரஞ்சு மருந்தை முகத்தில் துப்பிவிட்டது. என் முகத்தில்.

டாக்டரம்மா சீட்டில் மருந்து பேர் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டவா என்று கோயில்பிள்ளை கேட்டார். தேவையில்லை. எனக்கு நிறம் போதும். என் வீட்டுக்காரி மரியபுஷ்பத்துக்கு ஆறு வருஷம் மாத்திரை எடுத்துக் கொடுத்தவன் நான். அவளுக்கும் எழுத்து தெரியாது. காலையில் சுகருக்கு வெள்ளை வட்டம், பிரஷருக்கு ரோஸ் நீளம், ராத்திரி மஞ்சள். ஒரு நாள் தவறினதில்லை. கப்பலிலும் அப்படித்தான். மூட்டையில் சிவப்பு வட்டம் போட்டிருந்தால் ஒருத்தர் சரக்கு, பச்சைக் கோடு போட்டிருந்தால் இன்னொருத்தர் சரக்கு. நிறம் வேறானால் அடுக்குகிற அட்டி வேறு. படித்தவன் வாசித்து முடிப்பதற்குள் நாங்கள் அடுக்கி முடித்திருப்போம்.

புஷ்பம் மார்ச் மாதம் போய்விட்டாள். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்து வெள்ளிக்கிழமை. ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தாள், வெறும் வயிற்றில் மாத்திரை போட்டாள், சுகர் இறங்கிவிட்டது. இது ஊருக்கே தெரிந்ததுதான். அமலி அன்றிலிருந்து கோயில் படி ஏறவில்லை. "எங்கம்மாவைப் பட்டினி போட்ட சாமி எனக்கு வேண்டாம்" என்று பங்குச் சாமியார் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

பூனை: மீன் தண்ணீர் மூன்று ஸ்பூன். ஒண்ணுக்கு ஒன்று.

ஆகஸ்ட் 10, சனி

கொஞ்சம் தேவலை. சன்னலில் ஏறி உட்கார்ந்தது.

ஆகஸ்ட் 12, திங்கள்

மறுபடியும் படுத்துவிட்டது. கை வைத்தால் அடுப்பு மாதிரி இருக்கிறது. மூக்கு அடைத்துப்போய் வாயால் மூச்சு விடுகிறது. டாக்டரம்மா இரண்டு ஊசி போட்டார். நோட்டைப் பார்த்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க. கணக்குப்பிள்ளை எழுத்து" என்றார். கோயில்பிள்ளைக்கு இதைச் சொல்லியிருக்கக் கூடாது. இன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதுகிறார்.

"உம்ம ஞாபகத்தை நான் ஒரு நாளும் நம்பினதில்ல வே" என்று சீண்டினார். "போன தீபாவளிக்கு நான் என்ன சட்டை?"

"கட்டம் போட்ட ஊதா. ரெண்டாவது பொத்தான் கிடையாது."

"மார்ச் மாசம்?"

"எந்த நாள்?"

"ஏதோ ஒரு நாள். இருபத்திரண்டு."

"காலையில ஏழரைக்கு இட்லி அவிச்சேன். புஷ்பம் மூணு இட்லி தின்னா. மூணாவதுக்குப் பொடி தீந்துபோச்சு. கொஞ்சம் சீனி தாருமேன்னா..."

பென்சில் நின்றுவிட்டது. கோயில்பிள்ளை மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"இருபத்திரண்டு தானே வே புஷ்பம் மைனி இறந்தது? ஒருசந்தின்னீரு?"

அது வேறு நாள். நான் மாற்றிச் சொல்லிவிட்டேன். அதை அடியும் என்றேன். அடித்தாரா என்று தெரியவில்லை. எனக்கு வாசிக்கத் தெரியாது.

ஆகஸ்ட் 14, புதன்

தின்னவில்லை. ஒண்ணுக்கு ஒன்று, கொஞ்சம். நாளைக்கு ஆஸ்பத்திரி லீவு என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சுடுகிறது.

ஆகஸ்ட் 15, வியாழன்

சுதந்திர தினக் கொடி ஏற்றுகிற நாள், மாதா விண்ணேற்புத் திருநாள், இரண்டும் இன்றைக்கு. கோயில்பிள்ளை பூசைக்குப் போய்விட்டு பதினோரு மணிக்குத்தான் இறங்கி வந்தார். அதுவரை நானும் பூனையும்.

உடம்பு கொதிக்கிறது. தலையைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு கண் மூடாமல் கிடக்கிறது. கூப்பிட்டால் காது மட்டும் திரும்புகிறது. புஷ்பமும் கடைசி வாரம் இப்படித்தான் சுவரில் சாய்ந்து உட்காருவாள். வேர்த்து ஊற்றும். "கை நடுங்குது, பாருமேன்" என்பாள்.

பூனைக்குக் கொடுத்தது: மீன் தண்ணீர் இரண்டு ஸ்பூன், மத்தியானம். வேறு ஒன்றுமில்லை.

புஷ்பத்தின் பிஸ்கட் டின்னை இறக்கித் தூசி தட்டினேன். அவள் மாத்திரை, என் காய்ச்சல் மாத்திரை, எல்லாம் அதில்தான் கிடக்கிறது. தூசிதான் தட்டினேன். "இதை எதுக்கு எழுதுறீரு?" என்று கேட்டால், "நீரு சொன்னீரு, எழுதினேன். நான் கேட்டேனா?" என்கிறார்.

சாயங்காலம் சூடு கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

காலையில் பார்த்தால் முகம் வீங்கிப்போய்விட்டது. கண் இரண்டும் கோடு. முன்னங்கால் பாதமும் வீக்கம். மூச்சு வாங்குகிறது. வாயைத் திறந்து பார்த்தேன். ஈறு ரோஸாக இருக்க வேண்டும். செம்மண் கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. ஒண்ணுக்கு ஒரு தடவை, கறுத்த டீ நிறம்.

ஆட்டோ பிடித்து ஓடினேன். டாக்டரம்மா ஈறைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"ஐயா, இதுக்கு ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா? நம்ம சாப்பிடுற மாத்திரை?"

"இல்லம்மா."

"நல்லா யோசிங்க. காய்ச்சலுக்கு ஏதாவது?"

"வழக்கமா குடுக்கிறதுதாம்மா. வேற ஒண்ணுமில்ல."

நோட்டை வாங்கிப் புரட்டினார். பதினைந்தாம் தேதியை விரலால் ஓட்டிக்கொண்டு வாசித்தார். நோட்டில் இல்லை. தலையை ஆட்டிக்கொண்டு மூடிக் கொடுத்தார். பூனைக்கு டிரிப் ஏற்றினார். பட்டினி கிடந்ததில் சுகரும் இறங்கியிருக்கிறதாம். "வீட்ல போய் சீனியைத் தண்ணியில கரைச்சு ஈறுல தடவுங்க. மணிக்கொரு தடவை. சாயங்காலம் கொண்டாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து கோயில்பிள்ளையைக் கூப்பிட்டேன். உம்ம வீட்டிலிருந்து கொஞ்சம் சீனி கொண்டாரும் என்றேன்.

"அதுக்கு நான் மாடி ஏறணுமா? உம்ம அலமாரி மேல டப்பா இருக்கே. தெனமும் பாத்துட்டுத்தானே வே கசாயம் குடிக்கேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"தொடாதேயும்!"

நான் போட்ட சத்தத்தில் அவர் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். கப்பல் கிரேன் சங்கிலி அறுந்தபோது போட்ட சத்தம் அது. அதற்கப்புறம் இன்றைக்குத்தான்.

பிஸ்கட் டின்னை எடுத்து அவர் முன்னால் வைத்து நானே சொன்னேன். "என் காய்ச்சல் மாத்திரையில கால்வாசி குடுத்தேன் வே. நேத்து பத்தரை மணிக்கு. வெள்ளைப் பெரிசு, நடுவுல கோடு போட்டது. நுணுக்கி மீன் தண்ணியில."

"டாக்டரம்மா கேக்கலயா?"

"கேட்டாங்க."

அவர் எழுந்து தெருவுக்குப் போனார். ஆட்டோவுக்குக் கை காட்டினார். பூனையை நான் மடியில் வைத்துக்கொண்டேன், மாத்திரை அட்டையை அவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மனுஷனுக்கு இது மருந்து ஐயா. பூனைக்கு விஷம். காலையிலேயே கேட்டேனே. எதுக்குப் பயந்தீங்க, எனக்கா?"

பூனையை மேஜையில் இறக்கினேன்.

மனுஷர்களுக்கு இதே மாத்திரை அதிகமாகிவிட்டால் முறிக்கக் கொடுக்கிற மருந்து ஒன்று இருக்கிறதாம். எழுதிக் கொடுத்தார். கோயில்பிள்ளை மூன்று கடை ஏறி வாங்கி வந்தார். ஊசி ஏறும்போது பூனை கத்தவில்லை. கத்தத் தெம்பில்லை.

"பிழைக்குமாம்மா?"

"தெரியாது. இப்பவாவது சொன்னீங்களே. நாளைக்கு வந்து சொல்லியிருந்தா சொல்லியும் பிரயோஜனமில்ல."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 17, சனி

ஊசி காலை, மாலை. சீனித் தண்ணீர் மணிக்கொரு தடவை. சீனி கோயில்பிள்ளை வீட்டிலிருந்து பேப்பரில் மடித்து வந்தது. அலமாரி மேலே இருக்கிற டப்பாவை அவர் பார்க்கவுமில்லை.

மூச்சு இன்னும் வாங்குகிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்றைக்குச் சொல்கிறதை டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டாம். ஆனால் எழுதும் வே. நிறுத்தாமல் எழுதும்.

மார்ச் 14 வியாழக்கிழமை. புஷ்பத்துக்கு மாத்திரை வாங்க மெடிக்கலுக்குப் போனேன். கடையில் கூட்டம். சீட்டை நீட்டினேன், கவரை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் வந்து பிரித்தால் பச்சையில் ஒரு புது மாத்திரை. அதற்கு முந்தின வாரம்தான் டாக்டர் சுகர் கூடியிருக்கிறது என்று சொல்லியிருந்தார், அதற்குச் சேர்த்து எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். வெள்ளை வட்டம் பழைய அட்டையில் எட்டு மிச்சம் இருந்தது. மறுநாளிலிருந்து காலையில் வெள்ளையும் கொடுத்தேன், பச்சையும் கொடுத்தேன். நிறம் வேறு, சரக்கு வேறு.

இரண்டாம் நாளே வேர்க்கிறது என்றாள். மூன்றாம் நாள் கை நடுங்குகிறது என்றாள். நாலாம் நாள், "ஒரு வாய் சீனி தாரும், நெஞ்சு படபடங்குது" என்றாள். "சுகர்காரி சீனி கேக்குறியா, அறிவிருக்கா?" என்று ஏசினேன். நான் தூங்குகிற நேரத்தில் எடுத்துவிடுவாள் என்று டப்பாவை அலமாரி மேலே ஏற்றி வைத்தேன். அவளுக்கு எட்டாது. முழங்கால் வலிக்காரி, ஸ்டூல் ஏற மாட்டாள். ஒரு நாள் நான் உள்ளே வரும்போது அலமாரிக்கு முன்னால் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். திருடப் போய் மாட்டிக்கொண்ட பிள்ளை சிரிக்கிற மாதிரி.

இருபத்திரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை, எட்டாவது நாள். அவள் இந்த வருஷம் ஒருசந்தி இருக்கவில்லை. டாக்டர் வேண்டாம் என்று சொல்லி, சாமியாரிடமும் கேட்டுவிட்டாள். மூன்று இட்லி தின்றாள். மூன்றாவதுக்குச் சீனி கேட்டாள். கொடுக்கவில்லை. வெள்ளையில் கடைசி ஒன்றையும் பச்சை ஒன்றையும் உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தேன். பதினோரு மணிக்குக் கூப்பிட்டேன், திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். "என்ன மாத்திரை குடுத்தீங்க?" வழக்கமாகக் கொடுக்கிறதுதான் என்றேன். "சுகர் அடியோட இறங்கியிருக்கு. சாப்பிடாம மாத்திரை போட்டாங்களா?" சுவரில் காலண்டர் தொங்கியது. வெள்ளிக்கிழமைக்குச் சிவப்பாக ஏதோ போட்டிருந்தது. "ஆமா, இன்னிக்கு ஒருசந்தி" என்றேன். அந்த ஒரு சொல்தான். அதற்கப்புறம் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் ஆளாளுக்குச் சொன்னார்கள்.

அப்போது எனக்கு மாத்திரை விஷயம் தெரியாது. ஆனால் கேட்கும்போதே அந்தப் பச்சைதான் நினைவுக்கு வந்தது. ஏழாம் நாள் பூசை முடிந்து இரண்டு அட்டையையும் கொண்டு மெடிக்கலில் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணுதான் பெரியவரே. அந்தக் கம்பெனி வரல, இந்தக் கம்பெனி குடுத்தோம்" என்றார்கள்.

அமலியிடம் சொல்லவில்லை. அவ்வளவுதான். இதில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நேற்று கோயில்பிள்ளை வரவில்லை. அதனால் நேற்று இல்லை.

இன்று பத்து மணிக்கு வந்தார். நோட்டை எடுத்தார், உட்கார்ந்தார். டீ போடட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். பென்சிலை எடுக்காமலே பேசினார்.

"மைனி சவப்பெட்டிக்கு முன்னால நின்னு, 'என்ன பிடிவாதம் மைனி இது, சாமி உன்கிட்ட உயிரையா கேட்டாரு'ன்னு ஏசினேன் வே. அந்தப் பிள்ளை அமலி பக்கத்துல நிக்கா. நீரு தலைமாட்டுல நிக்கீரு. கேட்டுக்கிட்டுத்தானே நின்னீரு?"

"ஆமா."

"இப்ப நான் அந்தப் பேச்சை எங்க போய்த் திருப்பி எடுக்க?"

நான் பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"அமலிக்குச் சொல்லும். சொன்னாத்தான் இனிமே எழுதுவேன்" என்றார்.

பூனை: வீக்கம் வற்றுகிறது. ஈறு வெளுத்திருக்கிறது, மண் நிறம் போய்விட்டது. மஞ்சளாகாமல் இருந்தால் பிழைத்துக்கொள்ளும் என்றார் டாக்டரம்மா. வலது கண்ணில் வெள்ளை விழுந்திருக்கிறது. அது சளிக்காய்ச்சலில் வந்ததாம். பார்வை திரும்பாது.

ஆகஸ்ட் 21, புதன்

அமலிக்குப் போன் போட்டேன்.

"பூனை எப்படிப்பா இருக்கு?"

"உசிரோட இருக்கு. நீ வா அமலி."

"கம்பெனியில லீவு தர மாட்டாங்கப்பா. போன்ல சொல்லுங்க."

"போன்ல சொல்ற பேச்சில்ல. அம்மா பேச்சு."

தையல் மிஷின் ஓடுகிறது மட்டும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள்.

ஆகஸ்ட் 24, சனி

முட்டை மஞ்சள் கரு பாதி. ஒண்ணுக்கு இரண்டு, வெளிறின நிறம். ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அமலி காலை ஏழு மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். பையைக் கீழே வைக்கவில்லை. "சொல்லுங்க" என்றாள்.

பதினெட்டாம் தேதியைப் படிக்கக் கொடுத்துவிடலாமே என்று கோயில்பிள்ளை நேற்றே சொல்லியிருந்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கப்பலில் மூட்டை இறக்குகிறவன்தான் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுதுகிறவன் சொல்லக் கூடாது. சொன்னேன். வெள்ளை, பச்சை, எட்டு நாள், டப்பா, ஆஸ்பத்திரி. ஒன்றையும் விடவில்லை. எனக்கு மறக்கிற வரம் கிடையாது.

அவள் அழவில்லை. நின்றபடியே கேட்டாள்.

"அம்மா அன்னிக்கு சாப்பிட்டாளா?"

"மூணு இட்லி."

"அப்ப பசியோட போகல."

"இல்ல."

"ஒருசந்தி இல்ல."

"இல்ல அமலி."

"அஞ்சு மாசமா நான் அம்மாவை ஏசிட்டிருக்கேன். தெனமும். மிஷின்ல உக்காந்தா ஏசிட்டேதான் தைப்பேன். போன்லயும் ஏசினேன், கேட்டுக்கிட்டே இருந்தீங்களே, ஒரு நாளாவது, அவளை ஏசாதே அமலின்னு..." பையைக் கீழே போட்டாள்.

கோயில்பிள்ளை எழுந்து மாடிக்குப் போகப் பார்த்தார். "இருங்க மாமா" என்றாள். அவர் இருந்தார்.

பூனைக்குச் சீனித் தண்ணீர் கொடுக்கிற நேரம் ஆகியிருந்தது. பேப்பரில் மடித்த சீனி தீர்ந்துபோயிருந்தது. அவள் கேட்காமலே ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஏறி டப்பாவை இறக்கினாள். மூடி இறுகியிருந்தது. உள்ளே சீனி கல்லாகிக் கிடந்தது, ஓரத்தில் செத்த எறும்பு. கரண்டிக் காம்பால் குத்தி உடைத்தாள். எறும்பை ஊதினாள். கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, பூனையை மடியில் போட்டுக்கொண்டு கடைவாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். பூனை நக்கிக்கொண்டது. அதன் முதுகில்தான் அவள் கண்ணீர் விழுந்தது.

கையைக் கழுவினாள். "மாமா, எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கோயில்பிள்ளையிடம் சொன்னாள். திருப்பூர் பஸ் சாயங்காலம்தான். எனக்கு நேரம் தெரியும், அவளுக்கும் தெரியும். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன்.

டப்பாவை மேலே ஏற்றவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

ஒரு சாளை முழுசாகத் தின்றது. ஒண்ணுக்கு மூன்று, நிறம் சரி. வாந்தி இல்லை. மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை.

டப்பா வைத்த இடத்தில் இருக்கிறது. டீ போட்டேன். கோயில்பிள்ளை தனக்கு இரண்டு கரண்டி போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்தார். என் தம்ளரிலும் ஒரு கரண்டி போட்டார். குடிக்க முடியவில்லை, ஆறிப்போய்விட்டது.

"வேற என்ன எழுத?" என்றார்.

அமலி போன் பண்ணவில்லை. அதையும் எழுதும் என்றேன்.